திறந்த குளமும் எட்டாத நீரும்: வலை நிரலாக்க ஆவணங்கள் யாருக்காக எழுதப்படுகின்றன?

கணினித் துறையில் வேலை தேடும் இளைஞருக்கு இன்று பட்டம் மட்டும் போதுவதில்லை. வலைத்தளங்களைக் கட்டமைக்கப் பயன்படும் ‘ஃபிரேம்வொர்க்’ எனும் சட்டகங்களில் ஒன்றையேனும் அவர் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். ஜாங்கோ, லாரவெல், ரியாக்ட் போன்ற பெயர்கள் வேலைவாய்ப்பு விளம்பரங்களில் தகுதியாகவே குறிப்பிடப்படுகின்றன. இவற்றில் எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இவற்றைக் கற்பிக்கும் ஆவணங்களும் இணையத்தில் இலவசமாகவே உள்ளன. ஆகவே இத்துறையில் சாதிக்கு இடமில்லை, உழைப்பவர் எவரும் உயரலாம் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. அந்தக் கூற்றை ஒரு குறிப்பிட்ட சட்டகத்தின் ஆவணங்களைக் கொண்டு பரிசோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டாக நாம் எடுத்துக்கொள்வது ஜாங்கோ.

ஜாங்கோ, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் நாளிதழ் அலுவலகத்தில் 2003இல் உருவாகத் தொடங்கி, 2005இல் பொதுவெளிக்கு வந்தது. பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. பயனர் உள்நுழைவு, தரவுத்தள இணைப்பு, படிவங்களைச் சரிபார்த்தல் என ஒவ்வொரு வலைத்தளத்துக்கும் தேவைப்படும் உறுப்புகளை ஆயத்தமாகத் தருவது இதன் பணி. அவ்வுறுப்புகளை எப்படிப் பொருத்துவது என்று சொல்பவை இதன் ஆவணங்கள். தொடக்கப் பயிற்சி, தலைப்பு வாரியான விளக்கம், குறிப்புதவி, செய்முறை வழிகாட்டி என்று நான்கு வகையாக அவை பகுக்கப்பட்டுள்ளன. உலகின் சிறந்த நிரலாக்க ஆவணங்களுள் ஒன்றாக நிரலர்கள் இதைப் போற்றுகின்றனர். அதனாலேயே இதைத் தேர்ந்தோம். நன்றாக எழுதப்பட்ட ஆவணத்திலேயே ஒடுக்கப்பட்ட பின்புலத்தினர் எங்கெங்கு இடறுகின்றனர் என்று பார்த்தால், மற்றவற்றின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

எழுதப்படாத அறிவு யாரிடம் போகிறது?

ஓர் ஆவணத்தில் எழுதப்படாமல் விடப்பட்ட ஒரு படியை ஒருவர் எப்படிக் கடக்கிறார்? பெரும்பாலும் யாரையாவது கேட்டுத்தான். அத்துறையில் பணியாற்றும் மாமா, வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், அதே நிறுவனத்தில் சேர்ந்துவிட்ட கல்லூரி மூத்தவர் என்று அந்த ‘யாராவது’ பெரும்பாலும் உறவாகவோ உறவைப் போன்ற நட்பாகவோ இருக்கிறார். நம் சமூகத்தில் உறவு என்பது சாதிக்குள் அமைவது. நட்பும் பல வேளைகளில் அந்த எல்லையைத் தாண்டுவதில்லை. ஆகவே எழுத்தில் வராத அறிவு, சாதி வகுத்த வாய்க்கால்களின் வழியாகவே பாய்கிறது.

குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வரும் தலித் மாணவருக்கு அத்தகைய மாமாவோ அண்ணனோ இருப்பதில்லை. கட்டணம் வாங்கும் பயிற்சி மையங்களும் அவருக்கு எட்டுவதில்லை. அவருக்குள்ள ஒரே ஆசிரியர் ஆவணம்தான். எனவே ஆவணத்தில் உள்ள ஒவ்வோர் இடைவெளியும் அவரிடம் மட்டும் வசூலிக்கப்படும் சுங்கம் ஆகிறது. ஆவணங்களின் தரத்தை நாம் தொழில்நுட்பச் சிக்கலாக மட்டும் பார்க்க முடியாததற்கு இதுவே காரணம்.

அனுமதி வேறு, அணுகல் வேறு

1923 ஆகஸ்டில், எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தைப் பம்பாய்ச் சட்டமன்றம் நிறைவேற்றியது. அரசு நிதியில் அமைந்த குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதோர் உட்பட எல்லோருக்கும் உரியவை என்றது அத்தீர்மானம். 1924இல் மகத் நகராட்சி தன் சவதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாக முடிவெடுத்தது. தாளில் குளம் திறந்தது. ஆனால் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று நீரை அள்ளிப் பருகும் வரை, அந்த உரிமையை ஒருவரும் பயன்படுத்த முடியவில்லை. பருகியதற்காகத் தாக்கப்பட்டனர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று 1937இல்தான் முடிந்தது.

மகத்தின் துயரத்தை மடிக்கணினித் திரையோடு சமன்படுத்துவது நம் நோக்கமன்று. அங்கு இருந்தது வன்முறை. இங்கு இருப்பது கவனமின்மை. ஆனால் அனுமதிக்கும் அணுகலுக்கும் இடையிலான தொலைவை அளக்க நமக்குக் கற்றுத்தந்தது மகத். ஜாங்கோவின் நிரலும் ஆவணமும் பி.எஸ்.டி உரிமத்தின் கீழ் வெளியாகின்றன. எவரும் படிக்கலாம், நகலெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், விநியோகிக்கலாம். இது அனுமதி. அணுகல் இருக்கிறதா என்பதைக் கீழ்க்காணும் ஐந்து தடைகள் சொல்லும்.

முதல் தடை: கருவி

தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று (2017-18) தந்த கணக்கின்படி, இந்தியாவின் ஊரகக் குடும்பங்களில் 4.4 விழுக்காட்டினரிடம் மட்டுமே கணினி இருந்தது. நகர்ப்புறத்தில் இது 23.4 விழுக்காடு. இணைய வசதி ஊரகத்தில் 14.9 விழுக்காடு, நகரத்தில் 42 விழுக்காடு. அதன்பின் கைப்பேசி இணையம் பெருகியுள்ளது உண்மை. ஆனால் கைப்பேசி கணினியாகிவிடவில்லை. ஜாங்கோவின் நிறுவல் வழிகாட்டி விண்டோஸுக்கெனத் தனிப் பக்கம் வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டெர்மக்ஸ் போன்ற செயலியைக் கொண்டு பயில்பவருக்கென ஒரு பக்கம் இல்லை. எழுதியவர்களின் கற்பனையில் அந்த வாசகர் தோன்றவில்லை.

அதே ஜாங்கோ வேறோர் இடத்தில் ஏழை வாசகருக்குப் பெரும் உதவி செய்கிறது. அது இயல்பாகப் பயன்படுத்தும் தரவுத்தளம் எஸ்க்யூலைட். இதற்குத் தனி சர்வர் தேவையில்லை. ஒரே கோப்பில் அடங்கும். பயிற்சிக்கான சர்வரும் உடன் வருகிறது. தமிழக அரசு 2011 முதல் வழங்கிய இலவச மடிக்கணினியைப் போன்ற எளிய கருவியிலும் தொடக்கப் பயிற்சியை ஒருவர் முடித்துவிடலாம். வடிவமைப்பில் எடுக்கப்படும் சிறு முடிவு எத்தனை பேரை உள்ளே அனுமதிக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

இரண்டாம் தடை: இணைப்பு

ஆவணங்கள் வலைப்பக்கங்களாக உள்ளன. ஒவ்வொரு பக்கமும் டேட்டாவைச் செலவழிக்கும். ஜாங்கோவின் பக்கங்கள் பெரும்பாலும் வெறும் எழுத்தாலானவை என்பதால் சுமை குறைவு. ரியாக்டின் ஆவணங்கள் 2023 மார்ச்சில் புதுப்பிக்கப்பட்டபோது, பக்கத்துக்குள்ளேயே நிரலை மாற்றி இயக்கிப் பார்க்கும் பெட்டிகள் சேர்க்கப்பட்டன. நல்ல இணைப்பு உள்ளவருக்கு அது கற்றலை இனிதாக்குகிறது. இணைப்பு அறுந்து அறுந்து வரும் ஊரில் அப்பெட்டிகள் வெற்றிடமாக நிற்கும். ஊடாடும் வசதிகளைச் சேர்ப்பது தவறன்று. ஆனால் அவை இயங்காதபோதும் பாடம் முழுமையாகப் புரிய வேண்டும் என்ற விதியை ஆவணக் குழுக்கள் ஏற்க வேண்டும்.

இதற்கு மாற்று உண்டு. ஆனால் அது பலருக்குத் தெரியாது. ஜாங்கோவின் ஆவணங்கள் முழுவதையும் பி.டி.எஃப், இ-பப் கோப்புகளாகப் பதிவிறக்கிக்கொள்ள அதன் தளத்திலேயே வழி இருக்கிறது. ‘டெவ்டாக்ஸ்’ என்ற கட்டற்ற தளம் ஜாங்கோ உள்ளிட்ட பல ஆவணங்களை உலாவியிலேயே சேமித்து, இணையமின்றித் தேடவும் படிக்கவும் உதவுகிறது. ‘சீல்’ என்ற இலவசச் செயலி இதே பணியை விண்டோஸிலும் லினக்ஸிலும் செய்கிறது. பைத்தான் மொழியின் ஆவணங்களும் அவ்வாறே பதிவிறக்கத்துக்குக் கிடைக்கின்றன. ஒருமுறை நல்ல இணைப்பு கிடைக்கும் இடத்தில் இறக்கிக்கொண்டால், பிறகு பல மாதங்களுக்கு ஒரு பைசா டேட்டாவும் செலவாகாது.

மூன்றாம் தடை: மொழி

ஜாங்கோ ஆவணத்தின் மொழிப் பட்டியலில் பிரெஞ்சு, ஜப்பானியம், கொரியம், இந்தோனேசியம், கிரேக்கம், போலந்து ஆகியவை இடம்பெற்றுள்ளன. தமிழ் இல்லை. வியப்பு என்னவெனில், ஜாங்கோவைக் கொண்டு கட்டப்படும் தளங்களின் இடைமுகச் சொற்களுக்கான கோப்புகளில் தமிழ் உண்டு. அதாவது, தளத்தைப் பயன்படுத்துபவராகத் தமிழர் எண்ணப்பட்டிருக்கிறார். தளத்தைக் கட்டுபவராக இன்னும் எண்ணப்படவில்லை. இதற்கு ஜாங்கோ குழுவை மட்டும் குறைசொல்ல முடியாது. அங்கு மொழிபெயர்ப்பு தன்னார்வலர்களால் நடப்பது. நம்மில் வாய்ப்புப் பெற்றவர்கள் அவ்வேலையை எடுத்துக்கொள்ளவில்லை என்பதும் இதில் அடங்கும். வலைத்தொழில்நுட்பங்களின் முதன்மைக் குறிப்புதவியாகிய எம்.டி.என் தளத்திலும், இன்று தொடர்ந்து பேணப்படும் மொழிகளில் இந்திய மொழி ஒன்றுகூட இல்லை.

ஆங்கிலம் அறிந்தவருக்கும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஜாங்கோவைப் பற்றிப் பேசும்போது ‘பேட்டரீஸ் இன்க்ளூடட்’ என்ற தொடர் அடிக்கடி வரும். பொம்மை வாங்கும்போது பேட்டரியும் பெட்டியிலேயே இருக்கும், தனியே வாங்க வேண்டாம் என்பது அதன் பின்புலம். தமிழ்வழியில் படித்துப் பாடநூல் ஆங்கிலம் மட்டும் கற்ற மாணவர் இதைப் படித்தால், தரவுத்தளத்துக்கும் பேட்டரிக்கும் என்ன தொடர்பு என்று திகைப்பார். பண்பாட்டு நுழைவுச்சீட்டு கேட்கும் இத்தகைய தொடர்களை நீக்கி, ‘தேவையான உறுப்புகள் சேர்ந்தே வருகின்றன’ என்று எழுதுவதற்கு எந்தச் செலவும் இல்லை.

தமிழில் எழுதும்போது நாமும் இதே பிழையைச் செய்யக்கூடும். ‘ஃபங்ஷன்’, ‘டேட்டாபேஸ்’, ‘சர்வர்’ என்று வகுப்பறையிலும் நேர்காணலிலும் ஒலிக்கும் சொற்களை அகற்றிவிட்டு, அகராதியில் மட்டும் வாழும் ஆக்கங்களை இட்டால், மாணவர் இருமுறை மொழிபெயர்க்க வேண்டியவர் ஆகிறார். வழக்கில் உள்ள சொல்லை வைத்துக்கொண்டு, அதன் பொருளைத் தெளிந்த தமிழில் விளக்குவதே அவருக்குப் பயன்படும்.

நான்காம் தடை: காலாவதி

இலவசமாகக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி பழையது. நண்பரிடமிருந்து பென்டிரைவில் வந்த பாடம், எப்போதோ பதிவேற்றப்பட்ட காணொளி, நூலகத்தில் கிடக்கும் பழம்பதிப்பு ஆகியவையே வசதியற்றவரின் பாடநூல்கள். ஜாங்கோவில் முகவரிகளை வகுப்பதற்கு முன்னர் ‘யூஆர்எல்’ என்ற ஃபங்ஷன் பயன்பட்டது. 2017 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பு ‘பாத்’ என்ற எளிய ஃபங்ஷனை அறிமுகப்படுத்தியது. 2021 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பில் பழைய ‘யூஆர்எல்’ நீக்கப்பட்டது. பழைய பாடத்தை எழுத்துப் பிசகாமல் பின்பற்றிய மாணவரின் திரையில், புதிய பதிப்பில் பிழைச்செய்திதான் வரும். அவர் தவறு செய்யவில்லை. ஆனால் அதைச் சொல்ல அருகில் ஆளில்லை. ‘எனக்கு இது வராது’ என்ற முடிவுக்கு அவர் வருகிறார். அந்த முடிவைத்தானே இச்சமூகம் அவருக்குப் பிறப்பிலிருந்து சொல்லிவந்திருக்கிறது.

எந்தப் பாடத்தின் தலைப்பிலும் அது எந்தப் பதிப்புக்கானது என்பது குறிக்கப்பட வேண்டும். ஜாங்கோவில் சில பதிப்புகள் ‘எல்.டி.எஸ்’ எனப்படும் நீண்டகால ஆதரவு பெற்றவை. அவற்றுக்கு 3 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். 2023 ஏப்ரலில் வந்த 4.2, 2025 ஏப்ரலில் வந்த 5.2 ஆகியவை அவ்வகை. தமிழில் பாடம் தயாரிப்போர் இவ்வகைப் பதிப்பையே தேர்ந்தால், உழைப்பு விரைவில் வீணாகாது.

ஐந்தாம் தடை: தொனி

‘இதை எளிதாகச் செய்துவிடலாம்’, ‘வெறுமனே இந்தக் கட்டளையை இட்டால் போதும்’ என்ற தொடர்கள் நிரலாக்க நூல்களில் மலிந்துள்ளன. எழுதியவருக்கு எளிது. வாசகருக்கு அது எளிதாக இல்லையெனில், குறை தன்னிடம் என்று எண்ணுகிறார். ஜாங்கோ குழு இதை உணர்ந்திருக்கிறது. ஆவணங்களுக்குப் பங்களிப்போருக்கான அதன் வழிகாட்டி, ஒரு பணியின் கடினத்தைக் குறைத்துக்காட்டும் இத்தகைய சொற்களைத் தவிர்க்கச் சொல்கிறது. வாசகரின் அனுபவம் எழுதுபவரின் எதிர்பார்ப்போடு பொருந்தாமல் போகலாம் என்ற காரணத்தையும் அது தருகிறது.

சொற்களின் அரசியலிலும் ஜாங்கோ முன்னோடியாக இருந்தது. ஒரு தரவுத்தளம் மற்றொன்றுக்குக் கட்டளையிடும் அமைப்பை ‘எஜமான்–அடிமை’ என்ற இணைச்சொல்லால் குறிப்பது கணினித் துறையின் நெடுநாள் வழக்கம். ஜாங்கோ 2014இல் தன் ஆவணங்களிலிருந்து அதை நீக்கி, ‘முதன்மை–பிரதி’ என்ற பொருள்தரும் சொற்களை ஏற்றது. அப்போது எதிர்ப்பும் ஏளனமும் எழுந்தன. இன்று அச்சொற்கள் துறையெங்கும் பரவியுள்ளன. அடிமை முறையை உருவகமாகக்கூட ஏற்கத் தேவையில்லை என்பதை நாம் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை.

ஆவணம் கருவிக்குள்ளேயே இருக்கலாம்

நல்ல முன்மாதிரி ஒன்றையும் சொல்ல வேண்டும். தரவுத்தள அட்டவணைகளை உருவாக்காமல் ஒருவர் ஜாங்கோவின் பயிற்சி சர்வரை இயக்கினால், இன்னும் செய்யப்படாத மாற்றங்கள் எத்தனை உள்ளன, அவை எந்தெந்தப் பகுதிக்கானவை, எந்தக் கட்டளையை இட்டால் சரியாகும் என்று திரையிலேயே செய்தி தோன்றுகிறது. இணையம் தேவையில்லை, மாமா தேவையில்லை. பிழை நேரும் இடத்திலேயே ஆசிரியர் நிற்கிறார். ஒவ்வொரு பிழைச்செய்தியும் இப்படி எழுதப்பட்டால், வாய்க்கால் வழியாகப் போன அறிவில் பெரும்பகுதி பொதுக்குளத்துக்கு வந்துவிடும்.

2014இல் பெர்லினில் தொடங்கிய ‘ஜாங்கோ கேர்ள்ஸ்’ என்ற இயக்கமும் இத்தகையதே. பெண்களுக்கு இலவசப் பட்டறை நடத்தும் அது, தனக்கெனத் தனிப் பயிற்சி நூலை எழுதிக்கொண்டது. இணையம் எப்படி இயங்குகிறது, கட்டளைத் திரை என்றால் என்ன என்பதிலிருந்தே அந்நூல் தொடங்குகிறது. இருக்கும் ஆவணம் தம்மை எண்ணி எழுதப்படவில்லை என்று கண்டவர்கள், தமக்கான ஆவணத்தைத் தாமே எழுதினர்.

உரையாடு செயலிகளிடம் கேட்டால் போதாதா என்று இப்போது கேட்கப்படுகிறது. அவை உதவுகின்றன. ஆனால் அவற்றுக்கும் இணைப்பு வேண்டும், கேள்வியைச் சரியாகக் கேட்கும் பயிற்சி வேண்டும். பழைய பதிப்புக்குரிய விடையைப் புதியதென்று தரும் வழக்கமும் அவற்றுக்கு உண்டு. அவ்விடையைச் சரிபார்க்க மீண்டும் ஆவணத்திடமே வர வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் இரவுப் பாடசாலைகளிலும் ஒரு மடிக்கணினியை ஆவணக் களஞ்சியமாக மாற்றலாம். பைத்தான், ஜாங்கோ ஆகியவற்றின் ஆவணங்களையும் நிறுவல் கோப்புகளையும் அதில் ஒருமுறை இறக்கி வைத்தால் போதும். பைத்தானின் ‘பிப்’ கருவி தொகுப்புகளை ஒரு கோப்புறையில் சேமித்து, பிறகு இணையமின்றி அங்கிருந்தே நிறுவ வழி தருகிறது. பெரும்பாலான கைப்பேசிகளில் டேட்டா இல்லாமலும் ஹாட்ஸ்பாட்டை இயக்கலாம். அதில் இணையும் மற்றக் கருவிகள், பைத்தானோடு வரும் எளிய வலைச் சர்வர் வழியாக அக்களஞ்சியத்தைப் படிக்க முடியும். விக்கிப்பீடியாவை இணையமின்றிப் படிக்க உதவும் ‘கிவிக்ஸ்’ செயலியும் இவ்வாறு ஒரு கணினியிலிருந்து பலருக்கு வழங்கும் வசதி கொண்டது.

இரண்டாவதாக, மொழிபெயர்ப்பை முழுமையாகச் செய்ய முயன்று களைத்துப்போக வேண்டாம். ஜாங்கோவின் ஆவணம் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டது. ஆனால் தொடக்கப் பயிற்சி 8 பகுதிகளே. அந்த எட்டையும், அவற்றில் பெரும்பாலோர் இடறும் பிழைச்செய்திகளின் விளக்கத்தையும் தமிழில் தந்தால், கதவு திறந்துவிடும். உள்ளே வந்தவர் மீதியை ஆங்கிலத்திலேயே படித்துக்கொள்ளும் வலுவைப் பெறுவார்.

மூன்றாவதாக, இத்துறையில் ஏற்கெனவே பணியாற்றும் நம் தோழர்கள், தாம் முதன்முதலில் இடறிய இடங்களை எழுதி வைக்க வேண்டும். தேர்ந்தவருக்கு அந்த இடங்கள் மறந்துபோகும். நேற்றுக் கற்றவருக்கே அவை நினைவிலிருக்கும். ஆவணத்தில் ஒரு தெளிவற்ற தொடரைக் கண்டால், அதைத் திருத்தி மூலத் திட்டத்துக்கே அனுப்பலாம். திறந்த மூலத் திட்டங்களில் பங்களிப்பாளராகப் பெயர் பதிவதற்கு இது நேரிய வழி. வேலை தேடும்போது அப்பதிவு சான்றாகவும் நிற்கும்.

அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து வார இதழ் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயரிட்டார். விலையே பெயரில் இடம்பெற்றது. வாசகரின் பையில் என்ன இருக்கிறது என்பதை அறிந்த பிறகே அவர் எழுதத் தொடங்கினார். இன்று தொழில்நுட்ப ஆவணம் எழுதுவோரிடமும், அதைத் தமிழுக்குக் கொண்டுவர முனைவோரிடமும் நாம் கேட்பது அந்த அறிதலைத்தான். இந்த வாரம் உங்கள் பகுதியின் விடுதியில் இருக்கும் ஒரு மடிக்கணினியில் ஆவணங்களை இறக்கி வைத்து, அவை எந்தப் பதிப்புக்கானவை என்று ஒரு தாளில் எழுதி அதன் மீது ஒட்டிவிட்டு வாருங்கள்.